விதைக்கும் முன் பெட்டியை அளந்து பாருங்கள்

மானாவாரிக் கரிசலில் விதைப்புக்கு வாய்ப்பு ஒரு முறைதான். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் விதைப்பு டிராக்டர்கள் ஓயாமல் ஓடும். காத்திருந்து காத்திருந்து வாடகை வண்டி நம் காட்டுக்கு வரும்போது வானம் இருண்டிருக்கும். "அண்ணாச்சி, விதையைக் கொட்டுங்க, லீவரை நாலுல வச்சாப் போதும்" என்பார் ஓட்டுநர். பொழுது சாய்வதற்குள் ஐந்தாறு ஏக்கர் முடிந்துவிடும். முளைப்பு கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும். ஒரு சால் அடர்ந்தும் அடுத்த சால் சொட்டை விழுந்தும் நிற்பது அப்போதுதான் தெரியவரும். அதற்குள் மேல்மண் காய்ந்திருந்தால் மறுபடி ஊன்ற ஈரம் கிடையாது.

கூடுதலாக விழுந்தால் கெடுதல் இல்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இறவை நிலத்தில் அது ஓரளவு செல்லும், கலைத்து விட்டுக்கொள்ளலாம். மானாவாரியில் செல்லாது. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் அளவானது. ஒரு சதுர மீட்டரில் 33 உளுந்துச் செடி குடிக்க வேண்டிய தண்ணீரை 50 செடி குடித்தால், பூக்கும்வரை காடு பசேலென்று தெரியும். காய் பிடிக்கும் நேரத்தில் எல்லாச் செடியும் சேர்ந்து வாடும். ஆகவே குறைந்தாலும் நட்டம், கூடினாலும் நட்டம். இதைத் தவிர்க்க ஆகும் நேரம் ஒரு முற்பகல். விதைப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். வானம் இருண்ட பிறகு யாருக்கும் பொறுமை இருக்காது.

இந்த அத்தியாயம் டிராக்டரில் பூட்டும் விதை உர விதைப்புக் கருவியைப் பற்றியது. ஊரில் 'சீட் டிரில்' என்றால் இதுதான். உதாரணத்துக்கு உளுந்தை எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பயிர்களுக்குக் கணக்கு அதேதான். எண்கள் மட்டும் மாறும்.

லீவரின் எண் சொல்லாதது

கருவியின் மேல் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் விதை, மற்றதில் உரம். விதைப்பெட்டியின் அடியில் ஒவ்வொரு குழாய்க்கும் நேராக, நெடுக வரிப்பள்ளம் வெட்டிய ஓர் உருளை சுழலும். பள்ளத்தில் நிரம்பும் விதையை அது குழாய்க்குள் தள்ளும். தரையில் உருளும் ஓட்டச் சக்கரம்தான் சங்கிலி, பல்சக்கரம் வழியாக உருளையைச் சுழற்றுகிறது. டிராக்டர் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை இத்தனை சுற்று என்பது மாறாது. லீவரை நகர்த்தும்போது, உருளையின் எவ்வளவு நீளம் விதைக்குள் வெளிப்பட்டு நிற்கிறது என்பதுதான் மாறுகிறது.

லீவருக்குப் பக்கத்தில் உள்ள எண்கள் அந்த நீளத்தின் குறிகள் மட்டுமே. கிலோவைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அதே நாலாம் குறியில் பொடி உளுந்து ஓர் அளவு விழும், பருத்த உளுந்து வேறு அளவு விழும். ரைசோபியம் கலந்து கஞ்சியில் புரட்டி உலர்த்திய விதை, வெறும் விதையைப்போல் வழுக்கிக்கொண்டு போகாது. போன வருடம் சரியாக இருந்த குறி இந்த வருடம் சரியாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. உருளை தேய்ந்திருக்கலாம், சங்கிலியை மாற்றியவர் வேறு பல் எண்ணிக்கை உள்ள சக்கரத்தைப் போட்டிருக்கலாம். வாடகைக் கருவி என்றால் நேற்று அது யார் காட்டில் எந்தப் பயிருக்கு ஓடியதோ, அந்த அமைப்பிலேயே நம்மிடம் வந்து நிற்கும். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுத்தாலும், தனியாரிடம் எடுத்தாலும், பக்கத்து வீட்டு மாமாவிடம் இரவல் வாங்கினாலும் அளந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

தராசை எடுப்பதற்கு முன் கருவியைச் சுத்தம் பார்க்க வேண்டும். எட்டு ஒன்பது மாதம் கொட்டகையில் கிடந்த கருவியில் விதைக்குழாய்களுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி கடித்த குழாய் வெளியே முழுசாகத் தெரியும். மடித்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து ஒரு பிடி விதையைப் போட்டு, கீழே உடனே முழுவதும் வருகிறதா என்று பாருங்கள். தயங்கி வந்தால் குழாய் எங்கோ தொங்கி வளைந்திருக்கிறது.

உரப்பெட்டியில்தான் அதிகம் தேட வேண்டும். போன பருவத்து உரம் ஈரம் இழுத்து, பெட்டியின் மூலையிலும் உருளையின் பள்ளத்திலும் கல்லாக இறுகியிருக்கும். பள்ளம் பாதி அடைந்திருந்தால் அந்தக் குழாயில் பாதிதான் விழும். மரக்குச்சியால் நெம்பி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் உருளையின் விளிம்பு சிதையும்.

அடுத்து, லீவரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் குனிந்து பாருங்கள். எல்லா உருளையும் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தண்டில் அதைப் பிடித்திருக்கும் திருகு நழுவியிருக்கிறது. பிறகு லீவரை நடுவில் வைத்து, ஒவ்வொரு உருளையின் வெளிப்பட்ட நீளத்தையும் சிறிய அளவுகோலால் அளந்து எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். சால்களுக்கு இடையே வரும் ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் எடைபோடுவது வீண் உழைப்பு.

சங்கிலி தொய்வில்லாமலும் பல்சக்கரங்கள் நேர்கோட்டிலும் இருக்க வேண்டும். ஓட்டச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இடறாமல் சுழல வேண்டும். இடறுகிற சக்கரம் காட்டில் சுழலாமல் இழுபட்டுப் போகும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம்

சக்கரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்து அதன் சுற்றளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி பல கையேடுகள் சொல்கின்றன. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் உழுது பொலபொலத்த மண்ணில் சக்கரம் முழுக்க உருளாது. கொஞ்சம் வழுக்கி இழுபடும். அதனால் காட்டில் ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரம் டேப் காட்டியதைவிடக் கூடுதலாக இருக்கும். சுற்று குறைந்தால் விதை குறையும்.

எனவே காட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் விளிம்பில் ஓரிடத்தில் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ கோடு போடுங்கள். பெட்டிகளில் பாதி விதையும் உரமும் இருக்கட்டும். விதையும் உரமும் மண்ணில் விழுந்துவிடாமல், குழாய்களை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். கருவியை விதைக்கும் ஆழத்துக்கு இறக்கி, விதைக்கும் வேகத்தில் டிராக்டரை நகர்த்தச் சொல்லுங்கள். கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி ஊன்றுங்கள். 10 சுற்று எண்ணி முடிந்ததும் இன்னொரு குச்சி. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை 10ஆல் வகுத்தால் ஒரு சுற்றின் தூரம் கிடைக்கும். இரண்டு மூன்று இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள்.

நம் உதாரணத்தில் டேப் 1.22 மீட்டர் காட்டியது என்று வைப்போம். காட்டில் 10 சுற்றுக்கு 13 மீட்டர் வந்தது. ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர். டேப் அளவை நம்பியிருந்தால் ஏக்கருக்கு 8 கிலோ விழ வேண்டிய இடத்தில் ஏழரைக் கிலோதான் விழுந்திருக்கும்.

கரிசலுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஈரம் கொஞ்சம் கூடினால் மண் சக்கரத்தின் பற்களுக்கு இடையே அப்பிக்கொண்டு சக்கரமே பருத்துவிடும். பருத்த சக்கரம் குறைவாகச் சுற்றும், விதையும் குறையும். மண் ஒட்டும் பதத்தில் விதைக்கக் கூடாது. விதைத்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு வரப்புக் கோடியிலும் இறங்கிச் சுரண்டிவிட ஓர் ஆள் வேண்டும்.

சென்ட் கணக்கு

ஹெக்டேர் கணக்கு நம் ஆட்களுக்குத் தலைசுற்றும். சென்டில் வைத்துக்கொண்டால் எளிது. ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். 100 சென்ட் ஓர் ஏக்கர். ஏக்கருக்கு எத்தனை கிலோ வேண்டுமோ அதைப் பத்தால் பெருக்கினால், ஒரு சென்டுக்கு எத்தனை கிராம் என்பது வந்துவிடும். ஏக்கருக்கு 8 கிலோ என்றால் சென்டுக்கு 80 கிராம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

கருவியின் வேலை அகலம் என்பது கொழுக்களின் எண்ணிக்கையை இடைவெளியால் பெருக்கியது. உளுந்துக்கு 30 செ.மீ. இடைவெளியில் 7 கொழு மாட்டியிருந்தால் அகலம் 2.1 மீட்டர். இங்கே பலர் தவறுவதுண்டு. முதல் கொழுவிலிருந்து கடைசிக் கொழுவரை டேப் பிடித்தால் 1.8 மீட்டர்தான் வரும். 7 கொழுவுக்கு நடுவே 6 இடைவெளிதான் இருக்கிறது. ஏழாவது இடைவெளி, இந்த ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் இருப்பது. 1.8 என்று கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏழு கிலோவுக்கும் குறைவாக விழும். அதேபோல், ஓட்டுநர் அடுத்த ஓட்டத்தை 30 செ.மீ. தள்ளித் தொடங்காமல் நெருக்கியோ விலக்கியோ ஓட்டினால் இந்தக் கணக்கே குலைந்துவிடும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சக்கரத்தை 50 சுற்றுச் சுற்றினால்: 50 × 1.3 × 2.1 = 136.5 சதுர மீட்டர். 40.47ஆல் வகுத்தால் 3.37 சென்ட். சென்டுக்கு 80 கிராம் வீதம் மொத்தம் 270 கிராம் விதை விழ வேண்டும். ஏழு குழாய்க்குப் பிரித்தால் ஒரு குழாய்க்கு ஏறக்குறைய 38.5 கிராம். இந்த இரண்டு எண்ணையும் காகிதத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த 8 கிலோ எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தனிப்பயிர் உளுந்துக்கு ஹெக்டேருக்கு 20 கிலோ என்கிறது. ஏக்கருக்கு 8 கிலோ. சால் இடைவெளி 30, செடி இடைவெளி 10 செ.மீ. நூறு விதை நாலரைக் கிராம் இருக்கும் உளுந்தில், 8 கிலோவை 30 செ.மீ. சாலில் போட்டால் ஒரு மீட்டருக்கு 13 விதை விழும். சான்று விதைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதம். 13 விதையில் 10 முளைக்கும். அதாவது 10 செ.மீ.க்கு ஒரு செடி. இந்தப் பரிந்துரை காற்றில் வந்ததல்ல, இப்படிக் கணக்கோடு வந்தது.

ஆகையால் உங்கள் விதை வேறு மாதிரி இருந்தால் 8 கிலோவும் மாற வேண்டும். சொந்த விதை என்றால் ஈரச் சாக்கில் 100 விதையைச் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். 60தான் முளைத்தது என்றால் 8 × 75 ÷ 60 = 10 கிலோ. 90 முளைத்தால் ஆறேமுக்கால் கிலோ போதும். 100 விதையை எடைபோட்டு 5 கிராம் வந்தால், 8 × 5 ÷ 4.5, கிட்டத்தட்ட 9 கிலோ. முளைப்பு 60க்கும் கீழே போனால் கூடுதலாகக் கொட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். வேறு விதை வாங்குங்கள். பலவீனமான விதை சாக்கில் முளைத்தாலும் கரிசலின் மேல்பொருக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வராது.

தூக்கி நிறுத்திச் சுற்றுதல்

சமதளமான இடத்தில் டிராக்டரை நிறுத்தி, ஹைட்ராலிக்கில் கருவியைத் தூக்குங்கள். ஓட்டச் சக்கரம் தரையை விட்டு நான்கு விரற்கடை எழும்பினால் போதும். சட்டத்தின் இரு பக்கமும் கனமான மரக்கட்டையை அண்டக் கொடுத்து, கருவியை அதன் மேல் உட்கார வையுங்கள். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கருவியின் அடியில் கை நீட்டக் கூடாது. மெல்ல இறங்கும், சிலசமயம் சட்டென்றும் இறங்கும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டில் என்ன விதைக்கப் போகிறீர்களோ அதே விதையைத்தான் பெட்டியில் கொட்ட வேண்டும். ரைசோபியம் கலப்பதாக இருந்தால், நாலைந்து கிலோ விதையை ஆறிய கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அதை வைத்துப் பாருங்கள். கலந்த விதை நாள்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அதனால் வெறும் விதையில் முதல் சோதனையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, விதைப்பன்று காலையில் கலந்த விதையில் ஒரே ஒரு தடவை சரிபார்க்கலாம். பெட்டியில் பாதியாவது விதை இருக்கட்டும். அடிமட்டத்தில் கொஞ்சம் விதையை வைத்து எடுத்த அளவு, நிறைந்த பெட்டிக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி, 1 முதல் 7 வரை எண் எழுதுங்கள். முதலில் 10 சுற்றுச் சுற்றி விழுந்ததைப் பெட்டியிலேயே திரும்பக் கொட்டிவிடுங்கள். உருளையின் பள்ளங்கள் நிரம்புவதற்கான சுற்றுகள் அவை. அதன் பிறகு சக்கரத்தை முன்னோக்கி மட்டும் 50 சுற்று. டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்தச் சக்கரம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 50 தடவை சுற்றும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் 50 சுற்றை முடிப்பதுதான் சரியான வேகம். ஒருவர் சுற்றட்டும், ஒருவர் எண்ணட்டும். சுற்றுகிறவரே எண்ணினால் தப்பும்.

ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் சமையலறை எலெக்ட்ரானிக் தராசு போதும். மளிகைக் கடைத் தராசில் 38 கிராமுக்கும் 42 கிராமுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். பையை வெறுமையாக ஒரு தடவை எடைபோட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். ஏழு பையையும் தனித்தனியாக எடைபோட்டு எழுதுங்கள். மொத்தமாகக் கொட்டி எடைபோட்டால் ஒரு குழாயில் 20 கிராமும் இன்னொன்றில் 57 கிராமும் விழுந்திருப்பது தெரியாமலே மொத்தம் சரியாக வந்துவிடும்.

லீவர் நாலில் இருக்கும்போது மொத்தம் 338 கிராம் வந்தது என்று வைப்போம். வேண்டியது 270. 270 ÷ 338 = 0.8. நாலை 0.8ஆல் பெருக்கினால் 3.2. லீவரை மூன்றைத் தாண்டிச் சற்று மேலே வைத்து மறுபடி 50 சுற்று. இந்த விகிதக் கணக்கு வழிகாட்டுமே தவிர, சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாது. இரண்டு மூன்று தடவை நகர்த்தி, 260க்கும் 280க்கும் நடுவில் வரச் செய்யுங்கள். வந்த பிறகு லீவரைத் தொடாமல் இன்னும் இரண்டு தடவை சுற்றிப் பாருங்கள். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

குழாய்க்குக் குழாய் வித்தியாசம் சராசரியிலிருந்து 5 சதத்துக்குள் இருந்தால் மிக நன்று. 10 சதத்தைத் தாண்டினால் விதைக்கப் போகாதீர்கள். அந்த உருளையை மட்டும் கழற்றிப் பாருங்கள். பள்ளத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும், அல்லது திருகு நழுவியிருக்கும், அல்லது உருளை தேய்ந்திருக்கும். தேய்ந்தது என்றால் மாற்றத்தான் வேண்டும். லீவரைக் கூட்டி அதற்கு ஈடுகட்டினால் மற்ற ஆறு சாலும் அடர்ந்துவிடும்.

இந்த எடைச் சோதனை நம் சிறிய கருவிக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் கோதுமையும் கனோலாவும் விதைக்கும் காற்று விதைப்பான்களில் டன் கணக்கில் பிடிக்கும் தொட்டிகள் இரண்டு மூன்று இருக்கும். விதையையும் உரத்தையும் காற்றே குழாய் வழியாக அறுபது எழுபது அடி அகலத்துக்குக் கொண்டுபோய்ப் போடும். ஓட்டுநர் முன்னால் கணினித் திரை இருக்கும். அங்கேயும் விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் பையோ தட்டோ பிடித்து, விழுந்ததைத் தராசில் வைத்து, அந்த எடையைத்தான் கணினிக்குச் சொல்கிறார்கள். உருளை எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். ஒரு சுற்றில் விழுந்த தானியத்தின் எடை அதற்குத் தெரியாது. விதை மாறினால் அவர்களும் திரும்ப அளக்கிறார்கள். தொட்டிக்குத் தொட்டி தனியாக அளக்கிறார்கள்.

உரப்பெட்டி

விதையைச் சிரத்தையாக அளந்துவிட்டு உரத்தைக் கைமதிப்பில் விடுகிறவர்கள் அதிகம். மானாவாரி உளுந்துக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 25 கிலோ மணிச்சத்து. டி.ஏ.பி.யில் 46 சதம் மணிச்சத்து இருப்பதால் ஏக்கருக்கு 22 கிலோ டி.ஏ.பி. அந்த மணிச்சத்தைக் கொடுத்துவிடும். சென்டுக்கு 220 கிராம். 50 சுற்றுக்கு 741 கிராம். குழாய்க்கு 106 கிராம். அளக்கும் முறை அதேதான். விதைக்குழாயும் உரக்குழாயும் கீழே ஒன்றாகச் சேரும் கருவி என்றால், ஒரு பெட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு மற்றதை அளக்க வேண்டும்.

விதையைப்போல் உரம் ஒரே குணத்தில் இருக்காது. மூட்டையைப் பிரித்த காலையில் பொலபொலவென்று விழும் குருணை, மேகமூட்டமான மாலையில் ஈரம் இழுத்து மெதுவாக விழும். மூட்டையின் அடியில் இருக்கும் தூள் உருளையில் அப்பும். ஆகவே குருணையை அரிசி சலிக்கும் சல்லடையில் போட்டுக் கட்டியையும் தூளையும் நீக்கிவிட்டுப் பெட்டியில் கொட்டுங்கள். விதைப்பன்று மதியம் ஒரு தடவை 20 சுற்றுச் சோதனை போட்டுப் பாருங்கள். 296 கிராம் வர வேண்டும். யூரியாவை இந்தப் பெட்டியில் போடவே வேண்டாம். அது டி.ஏ.பி.யைவிட வேகமாக ஈரம் இழுத்துக் கூழாகும். விதைக்குப் பக்கத்தில் விழுந்தால் முளையையும் கருக்கும்.

டி.ஏ.பி.யும் விதையை ஒட்டி விழக் கூடாது. கரையும்போது வெளிவரும் அம்மோனியா இளவேரைச் சுடும்; விதையில் ஏற்றிய ரைசோபியத்தையும் கெடுக்கும். நல்ல கருவியில் உரக்குழாய் விதைக்கு 5 செ.மீ. கீழே அல்லது பக்கவாட்டில் உரத்தை விடும்படி அமைந்திருக்கும். அப்படி அமைகிறதா என்று ஒரு கஜ தூரம் ஓட்டி மண்ணை விலக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும் கருவியாக இருந்தால், உரத்தைக் கடைசி உழவில் தனியாகப் போட்டுவிட்டு உரப்பெட்டியைக் காலியாக ஓட்டுவதே மேல் என்பது என் கருத்து.

காட்டில் ஒரு ஓட்டம்

கொட்டகையில் சுற்றியபோது குலுக்கல் இல்லை. காட்டில் கட்டி தட்டும், சட்டம் அதிரும், பெட்டியில் விதை இறுகி உட்காரும். அதனால் கடைசிச் சோதனை காட்டில்தான். குழாய்களைக் கொழுவிலிருந்து உருவி, பைகளை மாட்டிச் சட்டத்தில் கட்டிக்கொண்டு, விதைக்கும் வேகத்தில் அளந்த 50 மீட்டர் ஓட்டுங்கள். 50 × 2.1 = 105 சதுர மீட்டர், அதாவது 2.59 சென்ட். சென்டுக்கு 80 கிராம் வீதம் 208 கிராம் வர வேண்டும். 10 கிராம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் லீவரைத் தொடும் முன், சக்கரம் தரையில் அழுந்தி உருள்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

பிறகு குழாய்களை மாட்டி உண்மையான விதைப்பைத் தொடங்கி, சில மீட்டர் போனதும் நிறுத்தச் சொல்லி, சாலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மண்ணை விரலால் விலக்கி விதையை எண்ணுங்கள். 13க்கு அக்கம்பக்கம் இருக்க வேண்டும். ஒரு மீட்டரில் 10, அடுத்ததில் 16 என்று வருவது இயல்பு. வரி உருளை விதையை எண்ணிப் போடுவதில்லை. நாலைந்து சாலில் எண்ணிச் சராசரி பாருங்கள். ஆழமும் அப்போதே தெரிந்துவிடும்.

அரை ஏக்கர் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, நாலு கிலோ குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் முதலில் எத்தனை கிலோ கொட்டினீர்கள் என்று எழுதிவைத்திருந்தால்தான் இது நடக்கும். மணிக்கணக்கு வாடகையில் ஓடும் வண்டியை இதற்காகப் பத்து நிமிடம் நிறுத்தத் தயங்காதீர்கள். ஓட்டுநர் முகம் சுளித்தால், வாடகையில் அந்த நேரமும் சேர்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

வேறு பயிர்கள்

மக்காச்சோளத்துக்கு வரி உருளை ஒத்துவராது. பெரிய விதையை நசுக்கி உடைக்கும். அதற்குச் சாய்தட்டு விதைப்பான் இருக்கிறது. தட்டின் குழிக்கு ஒரு விதை. அங்கே எடை பார்க்க வேண்டாம், எண்ணிக்கைதான். செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் 13 மீட்டருக்கு, அதாவது இந்தச் சக்கரத்தின் 10 சுற்றுக்கு, குழாய்க்கு 52 விதை. குழி காலியாக வந்தாலும் இரண்டு விதை ஏறிவந்தாலும் தட்டு விதையின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று பொருள்.

எள், கம்பு போன்ற பொடிவிதைகளை மணல் கலந்து விதைப்பது கைவிதைப்புக்கு நல்ல வழி. பெட்டியில் போட்டால் குலுக்கலில் மணலும் விதையும் பிரிந்து, முதல் ஓட்டத்தில் விழும் கலவையும் கடைசி ஓட்டத்தில் விழுவதும் வேறுவேறாகிவிடும். மணல் உருளையையும் அரிக்கும். சிறுகுழித் தட்டு கிடைத்தால் மட்டும் இயந்திரத்தில் விதையுங்கள். டெல்டாவில் நேரடி நெல் விதைப்புக்கு இதே கருவி 20 செ.மீ. இடைவெளியில் 9 கொழுவோடு ஓடும், அகலம் 1.8 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். உலர்ந்த நெல்லை மட்டும் போட வேண்டும். முளைகட்டிய நெல் உருளையில் நசுங்கும். அதற்கு உரியது டிரம் சீடர்.

எழுதி வைத்தல், கழுவி வைத்தல்

பயிர், ரகம், நூறு விதையின் எடை, லீவர் குறி, 50 சுற்றுக்கு விழுந்த கிராம், தேதி ஆகியவற்றைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள். நோட்டுப் புத்தகம் தொலையும், மூடி கருவியோடு இருக்கும். அடுத்த வருடம் அந்தக் குறியிலிருந்து தொடங்கினால் மூன்று தடவை சுற்றுவதற்குப் பதில் ஒரு தடவையில் முடியலாம். ஆனால் அந்த ஒரு தடவையை விட்டுவிடக் கூடாது.

விதைப்பு முடிந்த அன்று மாலையே இரண்டு பெட்டியையும் காலி செய்யுங்கள். உரப்பெட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுநாள் வெயிலில் காயவைத்து, உருளைத் தண்டிலும் சங்கிலியிலும் எண்ணெய் தடவி, குழாய் முனைகளைத் துணியால் அடைத்துக் கொட்டகையில் ஏற்றுங்கள். ஓர் இரவு உரம் தங்கினாலே தகரத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். துரு ஏறிய உருளையில் நீங்கள் எழுதிவைத்த எண் அடுத்த வருடம் பயன்படாது.